பிரிட்டோரியாவிலிருந்து நமீபியாவுக்குச் சொகுசு ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் ஒரு ஜூலை மாதம் தென்னாப்பிரிக்காவில் ரயில் ஏறி, கலஹாரியையும் நமீபையும் தாண்டி, அட்லாண்டிக் கரையில் இறங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து கல்யாணப் பந்தியில், வாட்ஸாப் குழுவில், காலை வாக்கிங்கில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் சுலபமானவை, போகப் போகக் கொஞ்சம் வம்பானவை.

எந்த ரயில் சார் அது? ப்ளூ ட்ரெயின்னு சொல்வாங்களே, அதுவா?

அது வேறு. ப்ளூ ட்ரெயின் தென்னாப்பிரிக்க அரசின் ரயில். பிரிட்டோரியாவுக்கும் கேப் டவுனுக்கும் நடுவே சுமார் 1,600 கி.மீ. ஓடுவது, நமீபியா பக்கம் போகாது. நாங்கள் போனது ரோவோஸ் ரயில் என்ற தனியார் ரயில். ரோஹன் வோஸ் என்பவர் பழைய ரயில் பெட்டிகளை வாங்கிப் புதுப்பித்து 1989-ல் ஓட்ட ஆரம்பித்தார். பெயரைக் கவனித்தீர்களா, அவர் பெயரின் தலையும் வாலும்தான். முதலில் தன் குடும்பம் ஊர் சுற்றத்தான் பெட்டி வாங்கினாராம். இழுத்துப் போகும் செலவு கட்டுப்படியாகாமல் டிக்கெட் விற்கும் தொழிலாக ஆகிவிட்டது.

எங்க ஏறி எங்க இறங்கணும்? எத்தனை நாள்?

பிரிட்டோரியாவில் அவர்களுக்கென்றே இருக்கும் கேப்பிட்டல் பார்க் நிலையத்தில் ஏறி, நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தில் இறங்க வேண்டும். ஒன்பது, பத்து நாள். சுமார் 3,400 கி.மீ. எதிர்த் திசையிலும் ஓடுகிறது. நடுவில் வைரக்குழி இருக்கும் கிம்பர்லி, ஆரஞ்சு ஆற்றங்கரை அபிங்டன், ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, கீட்மன்ஷூப், தலைநகர் வின்ட்ஹுக், எட்டோஷா தேசியப் பூங்கா. எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் அந்த வருட அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போகாது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வால்விஸ் பேக்கு நேர் விமானம் இரண்டு சொச்சம் மணி நேரத்தில் போய்விடும். வேகம் வேண்டும் என்பவருக்கு இந்தப் பயணமே வேண்டாம்.

ஜன்னல் வழியா சிங்கம், யானை எல்லாம் தெரியுமா?

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பாதிப் பேர் இந்த நினைப்பில்தான் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். ரயில் பாதை தேசியப் பூங்காவுக்குள் போவதில்லை. பண்ணை நிலங்கள், முள்வேலி, வெட்டவெளி வழியாகத்தான் போகிறது. ஸ்பிரிங்பொக் என்ற மான் கூட்டம் தெரியும், தீக்கோழி தெரியும், நேரம் நன்றாக இருந்தால் நீளக் கொம்புள்ள ஓரிக்ஸ் நின்று பார்க்கும். சிங்கத்துக்கும் காண்டாமிருகத்துக்கும் ரயிலை விட்டு இறங்கி, திறந்த ஜீப்பில் எட்டோஷாவுக்குள் போக வேண்டும்.

அப்போ பத்து நாள் ஜன்னல்ல என்னதான் பாத்தீங்க? போர் அடிக்கலையா?

கிம்பர்லிக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஒட்டியே காம்ஃபர்ஸ் அணை என்ற ஆழமில்லாத நீர்நிலை வருகிறது. தூரத்தில் தண்ணீர் மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கிட்டே வந்ததும் அந்தக் கோடு கால் முளைத்து நடந்தது. எல்லாம் சின்னப் பூநாரைகள். அவை கூடு கட்டட்டும் என்று 2006-ல் அங்கே செயற்கைத் தீவு ஒன்று அமைத்தார்கள். உலகத்தில் இந்தப் பறவை குஞ்சு பொரிக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் கட்ச் பாலைவனமும் அதில் ஒன்று.

அபிங்டன் தாண்டியதும் தந்திக் கம்பங்களைப் பாருங்கள். கம்பத்தின் தலையில் யாரோ வைக்கோல் போரைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். நம்மூர்த் தூக்கணாங்குருவியின் சொந்தக்காரக் குருவி ஒன்று கூட்டுக்குடித்தனமாகக் கட்டும் கூடு அது. ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான குருவிகள். வாசல் எல்லாம் கீழ்ப்பக்கம், ஓட்டை ஓட்டையாக. கிட்டத்தட்ட ஒரு டன் எடை வரை போகும். தலைமுறை தலைமுறையாக அதே கூட்டில் புல் செருகிக்கொண்டே இருக்கும். வண்டி நின்ற ஓரிடத்தில் ஒரு கம்பம் அந்தப் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே போயிருந்தது. குருவிகள் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அப்புறம் அம்பறாத்தூணி மரம். கற்றாழை வகை, சான் என்ற பூர்வகுடி மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் தூணியாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். கீட்மன்ஷூப் அருகே சுமார் 250 மரங்கள் கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஒரு தோப்பாகவே நிற்கின்றன. மற்றபடி வெறும் வெளிதான். கடைசிப் பெட்டியின் பின்னால் திறந்த பால்கனி இருக்கிறது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், வந்த தண்டவாளம் நூல் மாதிரி சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்குப் போர் அடிக்கவில்லை. என் மனைவிக்கு ஐந்தாம் நாள் அடித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலஹாரி, நமீப் ரெண்டும் ஒண்ணுதானே?

பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் குணம் வேறு. கலஹாரியின் பெரும்பகுதி கறாராகச் சொன்னால் பாலைவனமே கிடையாது. மழை கொஞ்சம் பெய்யும், புல்லும் முள்மரமும் வளரும். ஆனால் மணல் பெய்த மழையை நிறுத்தி வைக்காது, மேலே தண்ணீர் தங்காது. அந்த மணலின் சிவப்பு அதில் படிந்த இரும்புத் துருவின் நிறம்.

நமீப்தான் நிஜப் பாலைவனம். கடலோரமாகவே அங்கோலாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை சுமார் 2,000 கி.மீ. நீளம், உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. கடல் பக்கத்திலேயே இருந்தும் ஏன் மழை இல்லை என்று என் மைத்துனர் கேட்டார். அந்தக் கரையோரம் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதன் மேல் குளிர்ந்த காற்று மேலே எழும்பாது, மேகமாகித் திரளாது, மூடுபனியாகத்தான் உள்ளே வரும். அந்தப் பனியைக் குடித்தே பிழைக்கும் உயிர்கள் இருக்கின்றன. ஒரு வண்டு மணல்மேட்டு உச்சியில் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் பனி உருண்டு வாய்க்கு வரும்.

பெட்டி எப்படி இருக்கும்? பாத்ரூம் உள்ளேயே உண்டா? தூக்கம் வருமா?

மூன்று வகை அறை: சுமார் 75, 110, 170 சதுர அடி. மூன்றிலும் பாத்ரூம் உள்ளேயே. பெரியதில் பழங்காலக் கால் வைத்த குளியல் தொட்டிகூட உண்டு. சின்னதில் பகலில் சோபா, இரவில் அதுவே கட்டில். நாங்கள் நடு வகையில் போனோம். இரண்டு பேருக்குத் தாராளம், இரண்டு பெரிய சூட்கேஸுக்கு இல்லை. முழு ரயிலுக்கும் அதிகபட்சம் 72 பயணிகள்தான்.

தூக்கத்துக்கு வருவோம். அங்கே தண்டவாள அகலம் 1,067 மி.மீ. நம் பழைய மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் மதுரை போய் வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் உடம்பிலேயே இருக்கும். அதற்குப் பெரியப்பா மகன் இது. சில இரவுகளில் வண்டியை ஏதோ ஒரு லூப் லைனில் நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் நின்றதும்தான் எனக்கு முழிப்பு வந்தது. அவ்வளவு அமைதி.

கோட்டு சூட்டு கட்டாயமாமே? வேட்டி கட்டிக்கலாமா?

பகலில் சாதாரண உடை போதும். இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் குறைந்தது கோட்டும் டையும் போட வேண்டும். இதில் அவர்கள் விளையாடுவதில்லை. நான் கழுத்து மூடிய இந்தியக் கோட்டு போட்டுப் போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டு வேட்டி கட்ட ஆசை என்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பிரச்சினையே இல்லை. என் மனைவியின் அரக்குக் காஞ்சிபுரத்துக்கு முன்னால் அன்றைக்கு என் கோட்டை யாரும் பார்க்கவே இல்லை.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே எழுதிச் சொல்ல வேண்டும். வெறும் 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் மீனும் தட்டுக்கு வர வாய்ப்புண்டு. முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, பால் பொருள் பரவாயில்லை என்று வரி வரியாக எழுதுங்கள். காளான், பூசணி, சீஸ், பாஸ்தா என்று சுற்றிச் சுற்றி வந்தது. நன்றாகவே இருந்தது, காரம் மட்டும் கிடையாது. ஒரு ஊறுகாய் பாட்டில் கைப்பையில் இருந்தால் ஆறாம் நாள் அது தெய்வமாகத் தெரியும். அசைவர்களுக்கு மான், தீக்கோழி எல்லாம் வரும். ஜன்னலில் பார்த்த ஸ்பிரிங்பொக் இரவில் தட்டில் வருவதை ஜீரணிக்கக் கொஞ்சம் மனசு வேண்டும்.

போன், வைஃபை, டிவி?

ரயிலில் டிவி, ரேடியோ கிடையாது. போனை உங்கள் அறைக்குள் மட்டும்தான் எடுக்கலாம். சாப்பாட்டுப் பெட்டியில், பால்கனிப் பெட்டியில் எடுத்தால் முகம் சுளிப்பார்கள். வெட்டவெளியில் மணிக்கணக்காக சிக்னலே இருக்காது. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே தூதரகத்துக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

சார்ஜர் பற்றி ஒரு நல்ல செய்தி. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் ஹோட்டல் சுவர்களில் இருக்கும் உருண்டைக் கம்பி மூன்று பின் பிளக், நம் வீட்டில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் போடும் அதே 15 ஆம்பியர் பிளக். கிளம்பும் முன் எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு கன்வர்ட்டர் பிளக் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். தண்ணீர் குறையக் குறைய மிருகங்கள் மிச்சமிருக்கும் குட்டைகளுக்கே வந்தாக வேண்டும், அதனால் கண்ணில் படும். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில் கலஹாரிப் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். "பாலைவனத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர்" என்று நான் வீறாப்பாக வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். விடியற்காலைத் திறந்த ஜீப்பில் மனைவியின் சால்வைக்குள் பாதி நேரம் ஒளிந்திருந்தேன். நவம்பருக்கு மேல் வெயில் கொளுத்தும், மழையும் வரும். பறவை பார்ப்பவர்களுக்கு அந்தக் காலம் பிடிக்கும்.

விசா, ஊசி எல்லாம் என்னென்ன?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டுக்கும் விசா வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகப் பக்கத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். பலர் தவறவிடும் ஒரு விஷயம்: வால்விஸ் பேயிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்பும்போது தனித்தனி டிக்கெட் என்றால், பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அது தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டாவது நுழைவு. ஒரே தடவை நுழையும் விசா வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் அல்ல. ஆனால் எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் மாறி, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். எட்டோஷா உள்ளிட்ட வடக்கு நமீபியாவில் மழைக்காலத்தில் மலேரியா உண்டு; டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு ஆச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க!

ஒரு ஆளுக்குச் சில லட்சங்கள். துல்லியமாகச் சொல்லி வீட்டில் சண்டை மூட்ட விரும்பவில்லை. சாப்பாடு, மது உள்பட பானங்கள், அட்டவணையில் உள்ள சுற்றுலாக்கள் எல்லாம் அதிலேயே அடக்கம். விமானம், விசா, காப்பீடு, முன்பின் ஹோட்டல் தனி. விலைப்பட்டியலில் போட்டிருப்பது அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒருவருக்கான தொகை. என் சித்தப்பா மகன் அதை முழு அறைக்கும் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போன் செய்தான். தனியாகப் போனால் அதற்கு மேலும் கூடுதல் கட்டணம் உண்டு.

கைச்செலவுக்குத் தென்னாப்பிரிக்கப் பணமான ராண்ட் போதும். நமீபிய டாலரும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் ராண்ட் செல்லும். மறுபக்கம் அப்படி இல்லை, தென்னாப்பிரிக்கக் கடையில் நமீபிய டாலரை வாங்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு எழுபத்தஞ்சு. கூட்டிட்டுப் போகலாமா?

நடக்கிறார் என்றால் போகலாம். பயணிகளில் பாதிக்கு மேல் அந்த வயதுதான். இடைவழி குறுகல், ஆட்டமும் மேலே சொன்ன மாதிரி, எனவே சக்கர நாற்காலி கஷ்டம். நிலையமே இல்லாத இடங்களில் தரையில் ஸ்டூல் போட்டு இறங்க வேண்டும். மணல்மேடு ஏறுவது கட்டாயமில்லை. நானே பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டோஷால 'பிக் ஃபைவ்' எல்லாம் பாத்துடலாமா?

முடியாது. யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை, இந்த ஐந்தும்தான் 'பிக் ஃபைவ்'; அதில் ஒன்று அங்கே இல்லவே இல்லை. காட்டெருமை கிடையாது, நீர்யானையும் கிடையாது. மற்ற நான்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் கருப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல இடங்களில் இது ஒன்று. பூங்காவின் பரப்பு 22,000 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 1907-ல் ஜெர்மன் ஆட்சியில் காப்பகமானது. அதில் சுமார் 4,800 சதுர கி.மீ. வெறும் உப்புப் படுகை. பெயருக்கே 'பெரிய வெள்ளை இடம்' என்றுதான் அர்த்தம்.

தேடித் திரிய வேண்டாம், ஒரு நீர்க்குட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் வரிக்குதிரைகள் வந்து முன்னங்கால் நனையும் வரை இறங்கின. ஒரு யானை வந்தது, எல்லாம் விலகின. உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் அப்பி, திருநீறு பூசிய மாதிரி இருந்தது. ஒட்டகச்சிவிங்கிதான் கடைசி வரை வரவில்லை. முன்னங்காலை அகட்டிக் குனிந்துவிட்டால் சட்டென்று ஓட முடியாது என்று அதற்குத் தெரியும். இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் குடிக்காமலே திரும்பிப் போனது.

விக்டோரியா அருவிக்குப் போற ரயில் இதைவிட நல்லதுன்றாங்களே?

மிருகம் முக்கியம், நாள் குறைவு என்றால் அதுதான் சரி. பிரிட்டோரியாவிலிருந்து நான்கு நாள். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் ஓரமாகவே பாதை போகிறது. க்வாய் முதல் டேடே வரை 114 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. மூன்றாம் கேள்விக்கு நான் சொன்ன 'தெரியாது' அங்கே செல்லாது, யானை தெரிய வாய்ப்புண்டு. அருவியில் ஏப்ரல், மே தண்ணீர் அதிகம். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பல இடம் வெறும் பாறை. பாலைவனம் வேண்டும் என்றால் நமீபியா. என் ஓட்டு நமீபியாவுக்கு.

வெறும் மணல்ல இந்தத் தண்டவாளத்தை யார், எதுக்குப் போட்டாங்க?

ரயிலில் யாரும் கேட்காத கேள்வி, என் மகள் கேட்டாள். 1884 முதல் 1915 வரை நமீபியா ஜெர்மன் காலனி. 1904-ல் ஹெரெரோ மக்களும் பின்னர் நாமா மக்களும் எதிர்த்து எழுந்தார்கள். தளபதி ஃபான் ட்ரோத்தா அழித்தொழிக்கவே உத்தரவிட்டார். ஹெரெரோக்களில் பத்தில் எட்டுப் பேர், நாமாக்களில் பாதிப் பேர் இறந்ததாக 1985-ல் ஐ.நா. அறிக்கை ஒன்று கணக்கிட்டது. பிழைத்தவர்களை முகாம்களில் அடைத்து ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து கீட்மன்ஷூப் வரும் தெற்குப் பாதையில் 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை வேலை செய்த 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்துபோனார்கள். நம் ரயில் அபிங்டனிலிருந்து வந்து ஸீஹைமில் அந்தப் பாதையோடுதான் சேர்கிறது. அபிங்டன் இணைப்பு, முதல் உலகப் போரில் படை நகர்த்தத் தென்னாப்பிரிக்கா அவசரமாகப் போட்டது. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021-ல்தான் ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டில் எங்களைச் சேர்க்கவில்லை என்று அந்த மக்களின் பிரதிநிதிகள் பலர் ஏற்கவில்லை.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். லூடரிட்ஸ் பக்கம் தண்டவாளத்தை மணல் மூடிக்கொண்டே இருக்கும். வாரி எறிவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1908-ல் அப்படி வாரிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலாவின் மண்வாரியில் ஒரு கல் மின்னியது. அவர் முன்பு கிம்பர்லியில் வேலை பார்த்தவர், வைரம் என்று தெரிந்துவிட்டது. மேலாளர் ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டாவுக் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வைரத்தால் எழும்பிய கோல்மன்ஸ்கோப் ஊர் 1956-ல் காலியாகி, இப்போது வீட்டுக் கூடங்களில் இடுப்பளவு மணல் கிடக்கிறது.

இவ்வளவு காசு இல்லாம இதையே பாக்க வழி உண்டா?

உண்டு, என் அக்கா மகன் நான்கு நண்பர்களோடு அப்படித்தான் போனான். வின்ட்ஹுக்கில் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அங்கே சகஜம். நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போங்கள். எட்டோஷாவுக்குள் சொந்தமாகவே ஓட்டலாம், சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒகாகுவேயோ முகாமில் தங்கினால் நீர்க்குட்டைக்கு இரவெல்லாம் விளக்கு போட்டிருப்பார்கள். அறையிலிருந்து நடந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். அதற்கு ஜீப் வேண்டாம், கோட்டும் டையும் வேண்டாம்.

பெரும்பாலான சாலை சரளைக்கல் ரோடு. வளைவில் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கிக் கவிழும், 80-க்கு மேல் போகாதீர்கள். பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள். ஸ்டெப்னி இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று போதும் என்று அவன் கிளம்பினான். இரண்டாவது பஞ்சர், நமீப் மணல்மேடுகளுக்குப் பேர்போன சொசுஸ்ஃப்லெய் போகும் வழியில்.